இசை அரங்கின் மாயத் தோற்றமும் மறைக்கப்படும் உழைப்பும்

1

நாடகம் பற்றித் தமிழில் எழுந்த விமர்சனங்களைத் தொகுத்து நோக்கின், அவற்றில் ஒரு பொதுவான குறைபாடு இருத்தல் புலனாகும். கதை, கருத்து, பாத்திரப் படைப்பு, நடிப்பு, இசை என்பனவே அவற்றிற் பெரிதும் ஆராயப்படுகின்றன. காட்சி எவ்வாறு மாறிற்று, பாத்திரம் எவ்வாறு மறைந்தது, ஒளி எங்கிருந்து வந்தது என்பன போன்ற வினாக்கள் தச்சருக்கும் மின்வினைஞருக்கும் உரியனவென ஒதுக்கப்படுகின்றன. ‘தந்திரக் காட்சி’ என்னுந் தொடர் எமது விமர்சன வழக்கில் ஏறத்தாழ ஒரு வசைச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. மறுபுறத்தில், இலண்டனிலும் நியூயோர்க்கிலும் பெருஞ்செலவில் நிகழும் இசை அளிக்கைகளைக் கண்டு மீள்வோர் அவற்றின் மாயத் தோற்றங்களை வியந்து விவரிக்கின்றனர். அவ்வியப்பு எவ்வாறு, எவரால் உண்டாக்கப்பட்டது என அவர்கள் வினவுவதில்லை. இகழ்ச்சியும் வியப்பும் ஒன்றுக்கொன்று முரணானவைபோலத் தோன்றினும், ஆராயாமை என்னும் ஒரே தளத்தில் நிற்பவையே.

மேடையின் மாயத் தோற்றம் கலையின் புறத்தே நிற்கும் வெறும் கைவினை நுட்பமன்று என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்தாகும். எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்ற ஒவ்வொரு முடிவும் அளிக்கையைப் படைப்போருக்கும் பார்ப்போருக்கும் இடையிலான உறவைத் தீர்மானிக்கின்றது. அவ்வுறவு இறுதி ஆய்வில் ஒரு சமூக உறவே. இதனை விளக்குதற்கு ‘த பான்ரம் ஒவ் த ஒபேரா’, ‘விக்கெட்’, ‘த லயன் கிங்’ ஆகிய மூன்று அளிக்கைகளைச் சிறப்பாக எடுத்துக்கொள்கின்றோம். ஈண்டு ‘இசை அரங்கு’ என்பது மேனாட்டு ஒபேராவையும் அதன் வழித்தோன்றலான ‘மியூசிக்கல்’ வகையையும் ஒருசேரக் குறிக்கும். ‘இசைநாடகம்’ என்னும் பெயரைச் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த எமது மரபுக்கே வழங்குகின்றோம்.

2

திரைப்படத்தின் மாயத்திற்கும் மேடையின் மாயத்திற்கும் அடிப்படையில் வேறுபாடுண்டு. திரைப்படக் கலைஞன் காட்சியை வெட்டவும் ஒட்டவும் வல்லவன். பார்வையாளர் காணாத காலத்தில் அவன் தன் வேலையை முடித்துவிடுகிறான். மேடைக் கலைஞனுக்கோ அத்தகைய ஒளிவிடமான காலம் இல்லை. அவன் செய்வன யாவும் ஆயிரம் கண்களுக்கு முன்னால், அவை விழித்திருக்கும்போதே நடைபெறல் வேண்டும். எனவே மேடை மாயம் மூன்று செயல்களிலே தங்கியுள்ளது எனலாம். பொறியையும் அதனை இயக்குவோரையும் மறைத்தல் முதலாவது. பார்வையாளரின் கவனத்தை வேண்டிய கணத்தில் வேண்டிய திசைக்குத் திருப்புதல் இரண்டாவது. இவ்விரண்டையும் பிசகாத கால ஒழுங்கில் இணைத்தல் மூன்றாவது.

இம்மூன்றுக்கும் இசை எவ்வளவு துணைசெய்கின்றது என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. கப்பியின் கிறீச்சொலியும் இயந்திரத்தின் உறுமலும் வாத்தியப் பேரோசையில் அமிழ்ந்துவிடுகின்றன. பாடுவோரை நோக்கியே கண் செல்லுமாதலால், பாடாத பக்கத்தில் நிகழ்வது காணப்படுவதில்லை. இவற்றினும் முதன்மையானது காலம் பற்றியதாகும். உரைநாடகத்தில் நடிகர் ஒரு வசனத்தை இன்று விரைந்தும் நாளை மெதுவாகவும் பேசக்கூடும். இசை அரங்கில் தாளம் அவ்வாறு நெகிழ்வதில்லை. மேடை நெறியாளர் இசைத்தாளைப் பின்பற்றியே ஒளிக்கும் திரைக்கும் பொறிக்கதவுக்கும் கட்டளை வழங்குகின்றார். இன்ன அடியின் இன்ன அட்சரத்தில் இன்ன விளக்கு அணைய வேண்டும் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளது. ஆகவே இசை அரங்கில் மாயத் தோற்றம் இசையோடு சேர்த்தே எழுதப்படுகின்றது என்று கூறின் அது மிகையாகாது.

3

இம்மாயங்களுக்கு நீண்ட வரலாறுண்டு. ஐரோப்பாவில் ஒபேரா வேரூன்றிய பதினேழாம் நூற்றாண்டே மேடைப் பொறிகளும் பெருவளர்ச்சி கண்ட நூற்றாண்டாகும். 1640களில் வெனிஸ் நகரின் நொவிஸ்ஸிமோ அரங்கிலே பணியாற்றிய ஜியாக்கோமோ தொரெல்லி, மேடைத் தளத்தின் கீழே சில்லுகளில் ஓடும் வண்டிகளை அமைத்து, பக்கக் காட்சித் தட்டிகளை அவற்றோடு பிணைத்தார். ஒரே உருளையைச் சுழற்றியதும் எல்லாத் தட்டிகளும் ஒருங்கே நகர்ந்தன, காடு அரண்மனையாயிற்று. பார்த்தோர் அதனைத் தெய்வச் செயல்போலக் கண்டனர். தளத்தின் கீழே வியர்வை சிந்தியோரை எவரும் கண்டிலர்.

1798இல் பாரிஸில் றொபேட்சன் என்பவர் ‘ஃபன்டஸ்மகோரியா’ என்னும் ஆவிக் காட்சியைத் தொடங்கினார். திரையின் பின்னே சில்லுகளில் நகரும் மாயவிளக்கு, உருவங்களைப் பெருக்கியும் சிறுக்கியும் காட்டிற்று. கண்ணாடி ஆர்மோனிக்கா என்னும் வாத்தியத்தின் இரங்கொலி அச்சத்தை மிகுவித்தது. 1862இல் இலண்டன் பொலிரெக்னிக் நிறுவனத்தில் காட்டப்பட்ட ‘பெப்பரின் ஆவி’ இன்னொரு படி. மேடையில் சாய்வாக நிறுத்தப்பட்ட பெருங்கண்ணாடித் தகட்டிலே, கீழே மறைவில் ஒளியூட்டப்பட்ட நடிகரின் விம்பம் தெறித்தது. பார்வையாளர் கண்ணாடியைக் காணவில்லை. நடிகரோடு நடமாடும் ஆவியையே கண்டனர்.

மறைத்தலை ஒரு கலைக் கோட்பாடாகவே உயர்த்தியவர் றிச்சர்ட் வாக்னர். 1876இல் பைறொயிற் நகரில் அவர் திறந்த அரங்கிலே, வாத்தியக் குழு மேடையின் அடிப்பகுதிக்குள் இறங்கிச் செல்லும் ஆழமான குழியில் அமர்த்தப்பட்டு, மேலே ஒரு மறைப்பும் இடப்பட்டது. பார்வையாளர் கூடம் இருளாக்கப்பட்டது. இரட்டைச் சட்டகம் மேடையைத் தொலைவிலுள்ள கனவுபோலத் தோன்றச் செய்தது. நீராவி காட்சி மாற்றங்களை மூடியது. றைன் நதியின் கன்னியர் நீரில் நீந்துவதாகத் தோன்றிய காட்சியில், பாடகியர் உயர்ந்த தாங்கிகளிற் கட்டப்பட்டிருக்க, அத்தாங்கிகள் பொருத்தப்பட்ட வண்டிகளைத் தொழிலாளர் உருட்டிச் சென்றனர். எங்கிருந்து வருகின்றதென அறியப்படாத இசை, எவரால் இயக்கப்படுகின்றதென அறியப்படாத காட்சி என்னும் இரண்டின் இணைவே பைறொயிற்றின் சாதனை.

இதற்கு மிக ஆழமான விமர்சனத்தை முன்வைத்தவர் தியோடோர் அடோர்ணோ. வாக்னர் பற்றி 1930களின் பிற்பகுதியில் எழுதத் தொடங்கி 1952இல் நூலாக வெளியிட்ட ஆய்விலே, உற்பத்தி நிகழ்ந்த சுவடுகளை உற்பத்திப் பொருளின் புறத்தோற்றம் மறைத்துவிடுவதை அவர் ‘ஃபன்டஸ்மகோரியா’ என்ற அதே சொல்லாற் குறித்தார். பண்டத்தின் மாயையை விளக்க மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ நூலிலே கையாண்ட சொல்லும் இதுவே. மனிதரிடையேயான உறவு பொருள்களிடையேயான உறவாக உருமாறித் தோன்றுவதை மார்க்ஸ் அச்சொல்லாற் சுட்டினார். ஆவிக் காட்சிக் கொட்டகையிற் பிறந்த ஒரு சொல் பொருளியல் ஆய்வுக்கும், அங்கிருந்து இசை விமர்சனத்துக்கும் சென்றமை தற்செயலானதன்று. உழைத்தோர் மறைந்து பொருள் மட்டும் ஒளிர்வது மூன்றுக்கும் பொதுவான இயல்பாகும்.

4

இனி ‘த பான்ரம் ஒவ் த ஒபேரா’வை நோக்குவோம். அன்ட்று லொயிட் வெபர் இசையமைத்து, ஹரல்ட் பிறின்ஸ் நெறியாண்டு, மரியா பியோர்ன்சன் காட்சியும் உடையும் வடிவமைத்த இவ்வளிக்கை 1986 ஒக்டோபரில் இலண்டனில் அரங்கேறியது. நியூயோர்க்கிலே 1988 ஜனவரி தொடக்கம் 2023 ஏப்பிரல் வரை 13,981 தடவை ஆடப்பெற்றது.

இதன் புகழ்பெற்ற சரவிளக்குக் காட்சியின் அமைப்பை ஆராய்வது பயனுடையது. தொடக்கத்தில் ஏல விற்பனைக்கு வந்த உடைந்த பொருளாக அவ்விளக்கு தரையிற் போர்த்திக் கிடக்கின்றது. போர்வை நீங்கியதும் ஓர்கனின் பேரொலி எழ, விளக்கு ஒளிர்ந்து பார்வையாளரின் தலைக்கு மேலே ஏறுகின்றது. மங்கிய துணிகள் விலக, பழைய ஒபேரா மாளிகை உயிர்பெறுகின்றது. முதற்பகுதியின் இறுதியில் அதே விளக்கு மேடையை நோக்கி வீழ்கின்றது. உண்மையில் அது வீழ்வதில்லை. கம்பிகளிற் பிணைக்கப்பட்டு, கட்டுப்படுத்தப்பட்ட வேகத்திலே இறக்கப்படுகின்றது. அவ்வேகம் பார்த்தோர் பின்னர் நினைவுகூரும் வேகத்தினும் குறைவானதே. எஞ்சிய வேகத்தைத் தருவது இசையும் அலறலும் திடீரென மாறும் ஒளியுமாகும். கண் கண்டதைக் காது பெருக்கிக் காட்டிற்று எனலாம்.

கண்ணாடியினுள்ளே முகமூடியணிந்தவன் தோன்றுங் காட்சி ‘பெப்பரின் ஆவி’யின் ஒளியியலுக்கு அண்மையானது. முன்புறத்து ஒளியிற் கண்ணாடியாக நிற்பது, பின்புறம் ஒளிர்ந்ததும் ஊடுருவித் தெரியும் பலகணியாகிவிடுகின்றது. பாதாள ஏரிக்குச் செல்லும் பயணத்திலே, சாய்ந்து ஏறியிறங்கும் பாலத்தின்மேல் தலைவனையும் தலைவியையும் போன்று உடையணிந்த மாற்றாட்கள் நடந்து செல்ல, உரிய நடிகர் அதற்குள் வேறிடம் சேர்ந்துவிடுகின்றனர். தூரம் நெடிதெனத் தோன்றுவது இதனாலேயே. உலர்பனிப் புகை நீராகின்றது. தளத்தின் துளைகளூடே மெழுகுதிரிகள் எழுகின்றன. படகு அவற்றிடையே மிதந்து வருகின்றது. இத்தலைப்புப் பாடலின் சில பகுதிகள் முன்னரே ஒலிப்பதிவு செய்யப்பட்டவை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. உடலுக்கு மாற்றாள் போலக் குரலுக்கும் ஒரு மாற்று அமைந்துவிடுகின்றது.

இவற்றைப் பொய்யெனக் கண்டிப்பது எமது நோக்கமன்று. நுட்பத்தின் அருமையை மறுக்கவியலாது. ஆயின் இவ்வளிக்கையின் மூலக்கதைக்குப் பின்னால் ஒரு மெய்ந்நிகழ்ச்சி உளது. 1896 மே மாதம் பாரிஸ் ஒபேரா மாளிகையிலே சரவிளக்கின் எதிர்நிறை ஒன்று அறுந்து, மேல்மாடத்திலே இருந்தோர்மீது வீழ்ந்தது. வாயில் காக்கும் பணிசெய்து வாழ்ந்த ஒரு பெண் அதில் உயிரிழந்தார். காஸ்தோன் லெரூ 1910இல் நூலாக வெளியிட்ட நாவலில் அவ்விபத்து மருட்சியூட்டும் கதையாயிற்று. மேடையிலோ அது இரவுதோறும் மீளமீள நிகழும் இன்பமான திடுக்கீடாயிற்று. ஓர் உழைப்பாளியின் சாவு ஒரு பண்டமாக மாறிய வழி இது. மாயத் தோற்றம் பொறியை மட்டும் மறைப்பதில்லை. வரலாற்றையும் மறைக்கவல்லது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டியதில்லை.

5

2003 முதல் நியூயோர்க்கின் கேர்ஷ்வின் அரங்கிலே நிகழ்ந்துவரும் ‘விக்கெட்’ அளிக்கையின் முதற்பகுதி, அதிகாரத்துக்கு அடிபணிய மறுத்த பச்சைநிறப் பெண்ணொருத்தி வானில் எழுவதோடு முடிகின்றது. இக்காட்சியின் பொறி வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. நடிகை இருளிலே ஓர் உயர்த்தியில் ஏறித் தம்மைப் பிணைத்துக்கொள்கின்றார். பரந்து விரியும் கரிய ஆடை உயர்த்தியை மூடிவிடுகின்றது. ஒளிக்கற்றைகளும் புகையும் ஆடையின் கீழே வெறும் வெளியே உளதென்னும் எண்ணத்தை உண்டாக்குகின்றன. அவர் மேலே செல்கின்றாரேயன்றி அங்குமிங்கும் பறப்பதில்லை. குழுவினர் அனைவரும் கீழே நின்று அண்ணாந்து நோக்கிக் கை நீட்டுகின்றனர். சுருதியும் ஓசையும் படிப்படியாக உயர்கின்றன. பறத்தல் என்னும் அனுபவத்தின் பெரும்பகுதியைப் பார்வையாளரே தம் உள்ளத்தில் நிறைவுசெய்துகொள்கின்றனர்.

பொறி பழுதுற்ற வேளைகளில் இவ்வளிக்கையினர் கையாளும் மாற்றுவழி எமது ஆய்வுக்கு மிக முக்கியமானது. நடிகை தரையிலேயே நின்று பாட, குழுவினர் மேடையிலே படுத்து, அவர் உயரத்தில் நிற்பதாகப் பாவித்து மேல்நோக்குகின்றனர். இதனைச் சிலர் நகைப்புக்குரிய சமாளிப்பெனக் கருதலாம். எமக்கோ இஃது அரங்கின் அடிப்படை உண்மையொன்றைப் புலப்படுத்துவதாகவே தோன்றுகின்றது. உயரம் என்பது அளவையன்று, உறவு. ஒருவரைப் பிறர் அண்ணாந்து நோக்கின் அவர் உயர்ந்தவராகின்றார். கோடிக்கணக்கிற் செலவிட்டு உயர்த்தி செய்வதைக் கூட்டுநடிப்பு செலவின்றியே செய்யவல்லது. பொறி நின்றபோது கலை நின்றுவிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

பொறியின் மறுபக்கமும் உண்டு. 2005 ஜனவரியிலே இதே பாத்திரத்தை ஏற்ற நடிகை, அவள் உருகி மறையுங் காட்சியிலே, திறந்திருந்த பொறிக்கதவினூடே வீழ்ந்து விலா என்பு முறிவுக்கு ஆளானார். மறைதல் ஒரு தோற்றமே; மறையும் உடலோ மெய்யானது.

6

1997இல் டிஸ்னி நிறுவனத்திற்காக ஜூலி ரேமோர் நெறியாண்ட ‘த லயன் கிங்’ முற்றிலும் வேறொரு வழியைத் தேர்ந்தது. இங்கே மறைக்கப்படுவது மிகச் சிலவே. சிங்க அரசனின் முகமூடி நடிகரின் தலைக்கு மேலே நிற்கின்றது; அவரது முகமும் தெளிவாகத் தெரிகின்றது. ஒட்டகச்சிவிங்கி என்பது நான்கு பொய்க்கால்களில் நடக்கும் மனிதரே என்பதைக் குழந்தையும் அறியும். தலையிலே புல் நாட்டிய தட்டுகளைச் சுமந்து நடனமாடுவோர் புல்வெளியாகின்றனர். பட்டுக்கீற்றுகளாலான சூரியன் மெல்லென எழுகின்றது. வறட்சியைக் காட்ட, மேடையில் விரிந்த நீலப் பட்டுத்துணி நடுவிலுள்ள துளையினூடே கீழே இழுக்கப்பட, குளம் சுருங்கி மறைகின்றது. விலங்குக் கூட்டம் வெருண்டோடும் காட்சியில், தொலைவிலே சுழலும் உருளைகளிற் சிறிய உருவங்களும், அண்மையிலே பெரிய முகமூடிகளை ஏந்திய ஆடுநரும் அடுத்தடுத்து வர, தாள வாத்தியங்களின் விரைவு அவற்றை ஒரே பேரோட்டமாகப் பிணைக்கின்றது.

ரேமோர் 1970களில் இந்தோனேசியாவில் வாழ்ந்து ஜாவாவின் வாயாங் பாவைக்கூத்தையும் பாலித் தீவின் முகமூடி ஆட்டத்தையும் பயின்றவர்; யப்பானியப் பாவைக் கலையையும் கற்றவர். பாவையையும் பாவையாட்டுவோரையும் பார்வையாளர் ஒருங்கே காண்பதை அவர் ‘இரட்டை நிகழ்வு’ எனக் குறித்தார். இங்கே வியப்புக் குன்றுவதில்லை. எவ்வாறு செய்யப்படுகின்றதென்பது தெரிந்திருந்தும் விலங்கு உயிர்பெறுவதைக் காண்கின்றோம்; அவ்வாறு காண்பதில் எமக்கும் பங்குண்டென உணர்கின்றோம். மறைத்தலின் வியப்பு பார்வையாளரைச் செயலற்றவராக்குகின்றது. காட்டலின் வியப்போ அவரைக் கூட்டுப் படைப்பாளராக்குகின்றது. இவ்வேறுபாடே அழகியல் நோக்கில் எமது முதல் முடிபாகும்.

7

இம்முடிபு பேர்டோல்ட் பிறெக்ற்றை நினைவூட்டுதல் இயல்பே. 1928இல் பேர்லினில் அரங்கேறிய ‘மூன்று காசு ஒபேரா’விலே வாத்தியக் குழு மேடையிலேயே காணப்பட்டது. பாதித்திரை ஆட்களின் நடமாட்டத்தை முழுமையாக மறைக்கவில்லை. பாடல்களின் தலைப்புகள் திரையில் எழுத்தாகத் தோன்றின. பாடும் வேளை ஒளி வெளிப்படையாகவே மாறிற்று. இசை, சொல், காட்சி என்பவற்றை ஒன்றாக உருக்கும் வாக்னரின் முறைக்கு எதிராக, அவற்றைப் பிரித்து நிறுத்தும் முறையை அவர் வகுத்தார். பார்வையாளர் மயங்காது சிந்திக்க வேண்டுமென்பது அவர் நோக்கம்.

எனினும் இவ்விடத்தில் ஒரு தடையுரை எழும். கருவியை வெளிப்படுத்தினாற் போதுமா? ‘மூன்று காசு ஒபேரா’வை எந்த வர்க்கத்தை நோக்கி எள்ளினாரோ அவ்வர்க்கமே அதனைக் கொண்டாடி மகிழ்ந்தது. ‘த லயன் கிங்’ அளிக்கையை ஆராயின் தடை இன்னும் வலுப்பெறும். பாவையாட்டுவோர் கண்ணுக்குத் தெரிகின்றனர். ஆயின் அவ்வளிக்கை உலகின் மிகப் பெரிய கேளிக்கை நிறுவனங்களுள் ஒன்றின் உடைமை. இதன் திரைப்படத்திலும் மேடையிலும் ஒலிக்கும் சிங்கப் பாடலொன்றின் மூலம், தென்னாபிரிக்க சூலு பாடகரான சொலமன் லிண்டா 1939இல் ஒலிப்பதிவு செய்த ‘ம்பூபே’ ஆகும். அற்பத் தொகைக்கு உரிமையை இழந்த லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். அவரது வாரிசுகள் 2004இல் வழக்குத் தொடுத்து, 2006இல் ஏற்பட்ட இணக்கத்தின் பின்னரே உரிய பங்கைப் பெறும் வழி பிறந்தது. கையும் கயிறும் தெரிந்த மேடையிலே பாடலின் படைப்பாளி மறைந்தே இருந்தார். காட்சியிற் காட்டப்படும் உழைப்பு, உடைமை உறவில் மறைக்கப்படும் உழைப்புக்கு ஈடாகாது.

அதே ரேமோர் நெறியாளத் தொடங்கிய ‘ஸ்பைடர்மான்’ இசை அளிக்கையின் கதி இன்னொரு படிப்பினை. ஏறத்தாழ 7 கோடி 50 இலட்சம் டொலர் செலவான அவ்வளிக்கை, நடிகரைப் பார்வையாளரின் தலைக்கு மேலே கம்பிகளிற் பறக்கவிட்டது. 2010 டிசம்பர் 20ஆந் திகதி முன்னோட்ட அளிக்கையில், பாதுகாப்புக் கயிறு பிணைக்கப்படாமையால் நடிகரொருவர் உயரத்திலிருந்து வீழ்ந்து கடுங்காயமுற்றார். 2011 மார்ச்சில் ரேமோர் விலக்கப்பட்டார். 2014 ஜனவரியில் அளிக்கை பெருநட்டத்தோடு முடிவுற்றது. ஆகவே மாயத்தின் தன்மையைத் தனியொரு நெறியாளரின் மேதைமை மட்டும் தீர்மானிப்பதில்லை. மூலதனம் எதை வேண்டுகின்றதோ அதற்கேற்ப நுட்பம் வளைகின்றது.

8

இவ்வினாக்கள் எமக்குப் புறம்பானவையல்ல. சிலப்பதிகார அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைக் கூறுகின்றது. தூண்களின் நிழல் அரங்கின்மீது வீழாவண்ணம் விளக்கு அமைக்கவேண்டுமென்றும் குறிப்பிடுகின்றது. மறைத்தலும் ஒளியாளுகையும் எமது மரபில் நுண்ணிதாக எண்ணப்பட்டவை என்பதற்கு இது சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலே, விக்ரோறிய இங்கிலாந்தின் மேடைப் பொறிகளையும் ஓவியத் திரைகளையும் ஏற்றுக்கொண்ட பார்ஸி நாடகக் குழுக்கள் இந்தியாவெங்கும் சுற்றின. அவை கொழும்புக்கும் வந்தன; சிங்கள நூர்த்தியும் அவற்றின் தாக்கத்திலே உருவாயிற்று. தமிழ்நாட்டிலே நவாப் ராஜமாணிக்கத்தின் ‘தசாவதாரம்’ போன்றவையும், பின்னர் ஆர்.எஸ். மனோகரின் புராண நாடகங்களும் தந்திரக் காட்சிகளால் மக்களைக் கவர்ந்தன. இலண்டன் மேடையின் சரவிளக்குக்கும் இத்தந்திரக் காட்சிகளுக்கும் பொதுவான மூதாதையர் உளர். ஒன்றைக் கலையென்றும் மற்றதை மலிவென்றும் கூறுவோர் நுட்பத்தின் விலையை அளக்கின்றனரேயன்றி அதன் தன்மையை அளக்கவில்லை.

எமது நாட்டுக்கூத்து மரபு வேறு திசையிற் சென்றது. வட்டக்களரியிலே மறைவிடம் இல்லை. அண்ணாவியார் மத்தளத்தோடு களரியின் நடுவே நிற்கின்றார். ஆட்டக்காரர் அடி தவறின் எல்லோரும் காணவே திருத்துகின்றார். இருவர் பிடித்த வெண்துணி விலகப் பாத்திரம் வரவாடுகின்றது. துணி பிடித்தோரும் தெரிகின்றனர். அவர் எவருடைய மக்கள் என்பதும் ஊராருக்குத் தெரியும். களரியைச் சுற்றிவந்தாற் காடு கடந்தாயிற்று. 1956இல் சரத்சந்திரவின் ‘மனமே’ நாடகமும் நாடகம எனும் சிங்கள மரபிலிருந்து இத்தகைய ஆற்றலையே மீட்டெடுத்தது. காங்கேசன்துறை வி.வி. வைரமுத்துவின் ‘அரிச்சந்திர மயான காண்டம்’ இசைநாடக மரபினது. ஓவியத் திரையும் ஆர்மோனியமும் அதற்குண்டு. எனினும் சுடலையின் கொடுமையை அவையோர் உணர்ந்தது திரையினாலன்று, விருத்தத்தின் நீட்சியினாலேயே. அவர் குரலே அங்கு பொறியாயிற்று.

பேராசிரியர் வித்தியானந்தன் 1960களிலே ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவற்றின் மூலம் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தமை பெரும்பணி. மின்னொளியும் கால ஒடுக்கமும் அதனால் வாய்த்தன. அதேவேளை மறைவிடமில்லாத கலை மறைவிடமுள்ள மேடைக்குப் பெயர்ந்தது. அண்ணாவியார் பக்கத்தே ஒதுங்கினார். அவையோர் இருளில் அமர்ந்தனர். இப்பெயர்ச்சியின் விளைவுகளை அடிகளையும் தருக்களையும் எண்ணி மட்டும் அளத்தல் இயலாது. பார்ப்போரும் ஆடுவோரும் ஒருவரையொருவர் காணும் உறவு எவ்வளவு எஞ்சிற்று என்பதையும் நாம் கேட்டல் வேண்டும். இன்று ஒலிப்பதிவு இசைக்கு ஆடுவதும், புகையையும் வண்ண ஒளியையும் வேண்டாதவிடத்தும் சொரிவதும் பாடசாலை மேடைவரை பரவியுள்ள நிலையிலே, அக்கேள்வி மேலும் கூர்மையடைகின்றது. உலர்பனி வாங்கப் பணமுள்ள கலையகத்துக்கே நல்ல நாடகம் வாய்க்கும் என்னும் எண்ணம் வேரூன்றுமாயின், கூத்து எமக்குத் தந்த பெருஞ்செல்வத்தை நாமே கைவிட்டவராவோம்.

9

மறைந்திருப்போர் ஒருமுறை தம்மை வெளிப்படுத்தினர். 2007 நவம்பர் 10ஆந் திகதி புறோட்வேயின் மேடைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். காட்சி ஏற்றும் வேளை எத்தனை பேர் பணிக்கமர்த்தப்பட வேண்டும் என்பது உள்ளிட்ட வேலை விதிகளே பிணக்கின் மையம். 19 நாள்கள் பெரும்பாலான அரங்குகள் இருண்டன. நாம் ஆராய்ந்த மூன்று அளிக்கைகளும் அவற்றுள் அடங்கும். பாடகர் இருந்தனர், இசை இருந்தது, நுழைவுச்சீட்டு வாங்கியோரும் இருந்தனர். விளக்கு ஏறவில்லை, சூனியக்காரி பறக்கவில்லை, சூரியன் உதிக்கவில்லை. அடோர்ணோ ஒரு நூலில் விளக்கிய உண்மையை அத்தொழிலாளர் வீதியில் நின்று விளக்கினர். கொள்ளைநோயின் பின்னர் 2021இல் இலண்டனில் ‘த பான்ரம் ஒவ் த ஒபேரா’ மீளத் திறந்தபோது, வாத்தியக் குழு 27 பேரிலிருந்து 14 பேராகக் குறைக்கப்பட்டிருந்தது. குழியிலே மறைந்திருப்போரைக் குறைப்பது எளிது. மறைத்தல் என்னும் அழகியல், இவ்வாறு ஆட்குறைப்பு என்னும் பொருளியலுக்கும் வசதியாய் அமைந்துவிடுகின்றது.

ஆதலின் மாயத் தோற்றத்தை முற்றாக விலக்கவேண்டுமென நாம் கூறவில்லை. வியப்பு மனிதரின் நியாயமான தேவை. மக்கள் அதனை விரும்புவதை இழிவாகக் கருதும் விமர்சனம் மக்களிடமிருந்து விலகிய விமர்சனமாகும். நாம் வேண்டுவது வேறோர் அளவுகோல். ஒரு மாயக் காட்சியை மதிப்பிடும்போது அது எவ்வளவு நம்பும்படி இருந்தது என்பதோடு விமர்சகர் நின்றுவிடலாகாது. அது பார்வையாளரிடம் எதனை ஒப்படைத்தது, எதனைப் பறித்தது, யாருடைய உழைப்பின்மீது நின்றது, அவ்வுழைப்புக்கு என்ன பெயரும் பங்கும் வழங்கிற்று என்பனவும் விமர்சனத்தின் வினாக்களாதல் வேண்டும். எமது அளிக்கைகள் பற்றிய ஆய்வுகளிலே ஒளியமைத்தோர், திரை இழுத்தோர், மேடை கட்டியோர் ஆகியோரின் பெயரும் செயலும் இடம்பெறத் தொடங்குமாயின், அதுவே இத்திசையில் நாம் வைக்கும் முதலாவது அடியாகும்.